விலைக்கு வராத முன்னோர்

வீட்டை விலைக்கு வாங்கலாம், தோட்டத்தை வாங்கலாம், பொன்னாடையையும் பட்டத்தையும்கூட வாங்கிவிடலாம் என்பதை நாடறியும். முன்னோரை விலைக்கு வாங்க முடியுமா? முடியும் என்று நம்பியோர் உலகில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், சோவியத் ஒன்றியத்துள் அடங்கியிருந்த அசர்பைஜான் குடியரசின் வரலாற்றுத் துறையினர், பழைய ஈரானில் ஆண்ட மீதியர் என்னும் இனத்தாரின் வரலாற்றை எழுதித் தருமாறு லெனின்கிராடு நகரத்து அறிஞர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். மீதியரே தம் முன்னோர் என்பதை அந்நூல் நிலைநாட்டும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. நூல் வந்தது. முன்னோர் வரவில்லை.

அந்த அறிஞரின் பெயர் இகோர் மிகாய்லோவிச் தியாக்கனோவ். தமிழாசிரியருள் பலர் இப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். எனினும் அவர் வெளியிட்ட கருத்தொன்றை எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பார்கள்; சொன்னவர் பெயர் உதிர்ந்து, அவர் கொண்டிருந்த ஐயமும் உதிர்ந்து, கைதட்டலுக்கு ஏற்றவாறு பெருக்கப்பட்ட வடிவில். அது பின்னர் வரும். முதலில் அவர் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும். அவர் எழுதிய நூலின் அருமை அவர் வாழ்ந்த காலத்தின் கொடுமையை அறியாதார்க்கு விளங்காது.

தியாக்கனோவ் 1915ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெத்ரோகிராடில் பிறந்தார். தந்தையார் மிகாயில் அலெக்சேவிச் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர். அவர் நார்வே நாட்டில் சோவியத் வணிகப் பணியில் இருந்தமையால் மகனின் இளமையின் ஒரு பகுதி ஓசுலோவில் கழிந்தது. அண்ணனும் அறிஞரே, ஈரானிய வரலாறு கற்று, ஃபிர்தௌசியைப் பற்றி நூல் எழுதியவர். தம்பியின் நெஞ்சம் அதற்கும் முந்திய காலத்தை நாடியது. சுமேரியரும் அக்காடியரும் களிமண் பலகைகளில் ஆப்பு வடிவில் பொறித்த எழுத்துகளைப் படிப்பதில் அவர் தம்மை ஒப்புவித்தார். 1937 முதல் எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் பணி. அடுத்த ஆண்டே இடி விழுந்தது. ஸ்டாலினின் களையெடுப்பில் தந்தையார் பிடிக்கப்பட்டு 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த அரசின் கீழ் இருந்து மகன் வரலாறு எழுதினாரோ, அந்த அரசின் கையாலேயே தந்தை மாண்டார். போர்க்காலத்தில் இளமையில் கற்ற நார்வே மொழி கைகொடுத்தது. 1944இல் செருமானியரிடமிருந்து மீட்கப்பட்ட கிர்கெனெசு நகரில் அவர் பணிபுரிந்தார். போர் ஓய்ந்தபின் மீண்டும் களிமண் பலகைகள்.

இத்தகைய ஒருவர் அரசுக்கு அஞ்சியிருந்தால் அவரைக் குறைகூற யாருக்கு வாய் உண்டு? எழுதச் சொன்னதை எழுதிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் காப்பாற்றியிருந்தாலும் உலகம் அதனைப் பொறுத்திருக்கும். எர்மிட்டாஜ் தந்த ஊதியம் மிகச் சிறிது. ஆகவேதான் அசர்பைஜான் ஒப்பந்தத்தை அவர் ஏற்றார். அண்ணனின் மாணாக்கர் ஒருவர் வழியாக அது வந்தது. இச்செய்தியை அவரே முதுமையில் எழுதி 1995இல் வெளியிட்ட நினைவு நூலில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் எல்லாரும் பழைமையும் பெருமையும் மிக்க முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தனர் என்றும், மீதியர் தம் முன்னோராக அமைவர் என்று அசர்பைஜானியர் நம்பினர் என்றும், அதனைத் தம்மால் மெய்ப்பிக்க இயலவில்லை, ஏனெனில் அது உண்மையன்று என்றும் அவர் கூறுகிறார். இவ்வளவு எளிய காரணத்தை எத்தனை வரலாற்றாசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறோம்?

பாக்கூவிலிருந்தோர்க்கு மீதியர் ஏன் தேவைப்பட்டனர் என்பதையும் கருதவேண்டும். அசர்பைஜானியர் பேசுவது துருக்கிய மொழி. அம்மொழி பேசுவோர் பதினோராம் நூற்றாண்டில் செல்சூக்கியர் படையெடுப்போடு பெருந்தொகையினராக அந்நிலத்துக்கு வந்தனர். ஆனால் சோவியத் ஆட்சியில் ஒவ்வொரு குடியரசும் தன் மண்ணிலேயே தோன்றிய மக்களைத் தன் மூதாதையராகக் காட்ட விரும்பியது. துருக்கி நாட்டோடு உறவு கொண்டாடுவதும் ஆபத்து. ஈரானின் கிளை என்று இருப்பதும் இழுக்கு. எல்லைக்கு அப்பால் ஈரானின் வடமேற்கிலும் அசர்பைஜான் என்னும் பெயருடைய மாநிலம் இருக்கிறது. 1945 இறுதியில் சோவியத் படையின் நிழலில் தப்ரீசு நகரில் ஒரு தன்னாட்சி அரசு எழுந்து, ஓராண்டில் வீழ்ந்தது. இந்நிலையில், பாரசீகப் பேரரசுக்கு முன்பே அந்த வடமேற்கு நிலத்தை ஆண்ட ஓர் இனம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? துருக்கியரினும் பழையவர், பாரசீகரினும் மூத்தவர், அசீரியப் பேரரசை வீழ்த்தியவர். முன்னோர்ச் சந்தையில் இதனினும் உயர்ந்த சரக்கு இல்லை.

இனி, சான்று சொல்வது என்ன? மீதியர் பெயர் கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரின் கல்வெட்டுகளில் முதன்முதலாகத் தோன்றுகிறது. பின்வந்த அசீரிய மன்னரின் ஆவணங்களில் அவர்கள் ஒரே அரசின் குடிகளாக இல்லை. ஊர்தோறும் ஒரு தலைவன் இருக்கிறான். கி.மு. 612இல் மீதிய மன்னன் சியக்சாரிசு பாபிலோனியரோடு கூடி அசீரியத் தலைநகரான நினிவேயை அழித்தான். கி.மு. 550இல் பாரசீக மன்னன் சைரசு மீதிய அரசன் அசுதியாகசை வென்று, இன்றைய ஹமதான் நகராகிய எக்பத்தானாவைக் கைப்பற்றினான். மீதியர் தம் கையால் தம் மொழியில் எழுதிய ஆவணம் ஒன்றுகூட இன்றுவரை கிடைத்திலது. அவர் மொழியை அறிய எஞ்சியவை ஆட்பெயர்களும், ஊர்ப்பெயர்களும், அயலார் நூல்களில் சிதறிக் கிடக்கும் சில சொற்களுமே. நாயை மீதியர் 'ஸ்பாகா' என்பர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு குறித்துவைத்தார். வடமொழியின் 'சுவன்' என்னும் சொல்லோடு உறவுடைய ஈரானியச் சொல் அது. பெயர்களும் பெரும்பாலும் அதே வழியில் செல்கின்றன. துருக்கிய மொழிக்கு அங்கே இடமே இல்லை.

இச்சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அசீரியப் பலகைகளை மூல மொழியிலேயே படித்து, எரோதோத்தசு சொன்னதைப் பலகைகளோடு ஒட்டிப் பார்த்துத் தியாக்கனோவ் எழுதிய பெருநூல் 1956இல் வெளிவந்தது. காலத்துக்குரிய மார்க்சியச் சொற்கள் அதில் உண்டு. அவை இன்றி அந்நாளில் எந்த நூலும் அச்சேறாது. அந்நிலத்துப் பழங்குடிகள் பிற்கால மக்களோடு கலந்திருப்பர் என்பதையும் அவர் மறுத்தவரல்லர். படையெடுத்து வந்தோர் பழைய மக்களைத் துடைத்தழித்துவிட்டுக் குடியேறுவதில்லை. மண்ணில் இருந்தோரே நாளடைவில் மொழி மாறுகின்றனர். ஆயினும் இரத்தக் கலப்பு வேறு, மொழி வேறு, அரசு வேறு. இம்மூன்றையும் ஒரே பானையில் இட்டுக் கிண்டி 'நம் முன்னோர்' என்று பரிமாறத்தான் பாக்கூவிலிருந்தோர் விரும்பினர். சமையற்காரர் மறுத்துவிட்டார். அந்நூல் பாரசீக மொழியில் பெயர்க்கப்பட்டு ஈரானில் பரவியது என்பது இதில் ஒரு சுவை. யாருக்காக எழுதப்பட்டதோ அவரினும் எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்நாட்டாரே அதனை விரும்பிப் படித்தனர்.

இங்கே அசர்பைஜானியரை இழித்துரைப்பது நோக்கமன்று. பாக்கூவிலேயே இக்ரார் அலியெவ் என்னும் வரலாற்றறிஞர் 1960இல் மீதியா வரலாறு ஒன்றை எழுதினார். மீதியர் பேசியது ஈரானிய மொழியே என்று உரைத்து, அவர்களைத் துருக்கியராக்க முயன்றோரைத் தம் சொந்த நாட்டில் நின்றே எதிர்த்தார். லெனின்கிராடிலிருந்து அதைச் சொல்வதினும் பாக்கூவில் நின்று சொல்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும். தன் இனத்தார் கேட்க விரும்பாததைத் தன் இனத்தாரிடம் தன் மொழியில் சொல்பவனே வரலாற்றாசிரியன். மற்றவன் புகழ்பாடி; பரிசில் பெற்றுச் செல்லட்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு வேறு நூல் எழுதித் தந்தது நேர்மையா என்று கேட்போர் உண்டு. ஒப்பந்தம் மீதியாவின் வரலாற்றுக்கே. மீதியாவின் வரலாறே தரப்பட்டது. வாங்கியோர் மனத்துள் வைத்திருந்த விருப்பம் விலைப்பட்டியலில் இல்லை. சோவியத் ஒன்றியம் மறைந்தபின், எண்பது வயதில் உண்மையைச் சொல்வது பெரிய வீரமா என்றும் சிலர் கேட்பர். நினைவு நூலில் காட்டியது வீரமன்றுதான். வீரம் 1956இல் வந்த நூலில் இருக்கிறது. எழுதியவற்றில் மட்டுமன்று, எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்திலும் அது இருக்கிறது.

அது தற்செயலான துணிவும் அன்று. பழைய கிழக்குலகச் சமுதாயங்கள் யாவும் அடிமையுடைமைச் சமுதாயங்களே என்பது வசீலி துருவே என்னும் மூத்த அறிஞர் வகுத்து, சோவியத் கல்வியுலகம் வேதமாகக் கொண்ட கொள்கை. சுமேரியர் காலப் பலகைகளை ஆராய்ந்த தியாக்கனோவ், கோயிலுக்கும் அரசுக்கும் உரிய நிலத்தோடு, ஊர்ச் சமுதாயத்தாரும் குடும்பத்தாரும் உரிமை கொண்ட நிலமும் அங்கே இருந்தது என்பதை எடுத்துக்காட்டி 1959இல் நூல் எழுதினார். 1968இல் அர்மீனிய மக்களின் தோற்றம் குறித்து எரெவான் நகரில் வெளியான நூலில், அர்மீனிய மொழி மேற்கிலிருந்து வந்தோரால் கொணரப்பட்டது. மக்களோ பெரும்பாலும் அம்மண்ணில் முன்பே வாழ்ந்த ஹுரியர், உரார்த்தியர் வழியினர் என்றார். அர்மீனியப் பெருமை பேசுவோர்க்கு அது இனிக்கவில்லை. அசர்பைஜானியர்க்கும் அர்மீனியர்க்கும் இடையே உள்ள பகை உலகறிந்தது. இரு சாராரையும் மகிழ்விக்காத ஒருவர் இருந்தார் என்றால், அவர் சான்றின் பக்கம் நின்றார் என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.

இனித் தமிழ் மேடைக்கு வரலாம். பாரசீகர் எழுச்சிக்கு முன், ஈரானின் தென்மேற்கில் சூசா நகரைத் தலைமையாகக் கொண்டு வாழ்ந்தோர் ஈலாமியர். தாரயவு மன்னன் பெகிசுதூன் மலைப்பாறையில் வெட்டிய மும்மொழிக் கல்வெட்டில் இரண்டாவதாக நிற்பது அவர்கள் மொழியே. அது ஈரானிய மொழியுமன்று, செமித்திய மொழியுமன்று. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்திலேயே அக்கல்வெட்டின் மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்புநோக்கினார். அதன் பின்னர், பண்டை மேற்காசிய மொழிகளைப் பற்றி 1967இல் எழுதிய நூலில் தியாக்கனோவ், ஈலாமிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு இருக்கக்கூடும் என்று கருதிச் சில இலக்கணக் கூறுகளை எடுத்துக்காட்டினார். அமெரிக்க அறிஞர் டேவிட் மெக்கால்பின் 1970களிலும் 1981இலும் இதனை விரிவாக வளர்த்தார். இன்றளவும் இது கருதுகோளே; மொழியியலார் பலர் ஏற்கவில்லை. திராவிட மொழியியலில் பெரும்பெயர் பெற்ற பத்ரிராசு கிருஷ்ணமூர்த்தி 2003இல் எழுதிய நூலில் மெக்கால்பினின் ஒலி விதிகள் தமக்கு மனநிறைவு அளிக்கவில்லை என்றே கூறினார்.

மேடையில் இது என்னவாயிற்று? "பாரசீகத்தை ஆண்டவன் தமிழன்! ருசிய நாட்டு அறிஞரே ஒப்புக்கொண்டார்!" அரங்கம் அதிர்கிறது. மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனை ஒப்புவித்துப் பரிசுக் கோப்பை பெறுகிறது. 'இருக்கக்கூடும்' என்ற ஒரு சொல்லை எங்கே போட்டார்கள்? மொழிக்கு மொழி உறவு என்றவரை அரசனுக்கு அரசன் உறவு என்று சொன்னவராக்கியது யார்? ஈலாமிய மொழியும் தமிழும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொண்டாலும், அக்காளின் வீட்டைத் தங்கை தான் கட்டினேன் என்று சொல்ல உரிமை ஏது?

ஒலி ஒற்றுமை காட்டி மயக்குவோர்க்கு ஒரு சொல்லே போதும். ஈலாமிய மொழியில் முன்னிலை ஒருமைப் பெயர் 'நி'. தமிழில் 'நீ'. மெய்சிலிர்க்கிறது அன்றோ? தமிழ்ப்பள்ளிக்கு எதிர்ச்சாரியில் உள்ள சீனர் கடையில் நின்று சற்றே செவிமடுத்தால், மாண்டரின் மொழியிலும் அதற்கு 'நி' என்பதே சொல்லென்று விளங்கும். சீனரும் தமிழரே என்று முழங்கிவிடலாமா? நாயைக் குறிக்கும் ருசியச் சொல் 'சபாக்கா'. பழைய ஈரானிய மொழியொன்றிலிருந்து வந்த கடன்சொல் அது என்று பலர் கருதுகின்றனர். மீதியரின் 'ஸ்பாகா'வோடு அதை ஒட்டிவைத்து, மீதியர் ருசியரின் முன்னோர் என்று தியாக்கனோவ் எழுதியிருந்தால் மாஸ்கோவில் மாலை விழுந்திருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. ஒரு சொல்லை வைத்து ஒரு வம்சம் கட்ட முடியாது என்பது ஆப்பெழுத்தின் முதற் பாடம்.

தியாக்கனோவ் தவறே இழைக்காதவர் என்பதும் இல்லை. ஹுரிய, உரார்த்திய மொழிகளைக் காக்கசு மலைநாட்டு மொழிகளோடு இணைத்து செர்கேய் ஸ்தாரொசுதினுடன் 1986இல் அவர் வெளியிட்ட கொள்கை இன்னும் வாதத்துக்குரியது. மீதியா நூலின் அடிப்படையையே பின்வந்தோர் அசைத்துப் பார்த்தனர். எரோதோத்தசு விவரிக்கும் பெரிய மீதியப் பேரரசு ஒன்று இருந்ததற்குத் தொல்பொருள் சான்று போதாது என்று நெதர்லாந்து நாட்டு அறிஞர் ஹெலீன் சான்சிசி-வேர்டன்பர்க் 1980களில் வாதாடினார். விலை கொடுத்து வாங்கியிருந்தால் அந்தச் சரக்கின் மதிப்பு முப்பது ஆண்டில் சரிந்திருக்கும்! ஆனால் சான்றைக் காட்டி எழுதியவன் தவறினால் அடுத்தவன் அச்சான்றைக் கொண்டே திருத்த முடிகிறது. முழக்கத்தைத் திருத்த வழியில்லை. அதை இன்னும் உரக்கச் சொல்லத்தான் முடியும்.

"சிறுபான்மையாக வாழும் இனத்துப் பிள்ளைக்குப் பெருமிதம் வேண்டாமா? கொஞ்சம் மிகையாகச் சொன்னால்தான் என்ன குடிமுழுகிப்போகும்?" என்று கேட்கும் ஆசிரியர் பலர். கெட்ட எண்ணத்தால் கேட்பவரல்லர். வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டு நெஞ்சு நொந்து கேட்பவர். அவர்க்கு விடை சொல்லாமல் போவது நியாயமன்று. அந்தப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும், பல்கலைக்கழகம் செல்லும். பிற இனத்து மாணவர் நடுவே 'பாரசீகத்தைத் தமிழன் ஆண்டான்' என்று சொல்லும். சான்று எங்கே என்று ஒருவன் கேட்பான். அன்று அப்பிள்ளை இழப்பது பாரசீகத்தை மட்டுமன்று. சங்க இலக்கியமும் ஆசிரியர் சொன்னதுதானே, சோழர் கடற்படையும் அவர் சொன்னதுதானே என்று மெய்யையும் ஐயுறத் தொடங்கும். பொய்க்காசு ஒன்று கலந்த பையில் நல்ல காசும் செல்லாக்காசாகவே எண்ணப்படும்.

பெருமிதம் வேண்டுமாயின் சிறிய சான்றுகளில் இருக்கிறது. துருக்மேனிசுத்தானில் அசுகபாத் நகருக்கு அருகே நிசா என்னும் பார்த்தியர் கோட்டையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை பல. எழுத்து அராமேயம், ஆகவே மொழியும் அராமேயமே என்று சிலர் கொண்டனர். தியாக்கனோவும் அண்ணனும் விளாதிமிர் லிவ்சித்சு என்னும் நண்பரும் அவ்வோடுகளை ஒவ்வொன்றாகப் படித்து, எழுதப்பட்டது அராமேயச் சொல்லாயினும் படிக்கப்பட்டது பார்த்திய மொழியே என்று காட்டினர். ஓடுகளில் உள்ள செய்தி என்ன? இந்தத் திராட்சைத் தோட்டத்திலிருந்து, இந்த ஆண்டுக்குரிய மது இவ்வளவு, கொண்டுவந்தவன் இன்னான். அவ்வளவே. மன்னர் புகழ் இல்லை. போர் வெற்றி இல்லை. ஆயினும் பார்த்தியப் பேரரசின் வரிமுறையும் ஆட்டைக் கணக்கும் மொழியும் அந்த உடைந்த ஓடுகளால் துலங்கின. அண்ணன் 1954இல் மறைந்தார், வேலை நிற்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அத்தகைய சான்று தொலைவில் இல்லை. இதே தீபகற்பத்தின் வடக்கே, தாய்லாந்தின் குவான் லுக் பத் என்னுமிடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல்லொன்று கிடைத்தது. 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமி எழுத்தில் அதில் பொறித்திருக்கிறது. காலம் கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு என்பர். பேரரசன் எவனும் அதில் இல்லை. கடல் கடந்து வந்து பிழைத்த ஒரு பொற்கொல்லனின் பெயர் இருக்கிறது. இதனை எவரும் மறுக்கவில்லை. எந்தப் பேச்சுப் போட்டியிலாவது இது ஒலித்ததுண்டா?

தியாக்கனோவ் 1999ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், மீண்டும் பழைய பெயர் பெற்றிருந்த சென்ட் பீட்டர்சுபர்க் நகரில் காலமானார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1985இல் வெளியிட்ட ஈரான் வரலாற்றின் இரண்டாம் தொகுதியில் ஈலாம் பற்றிய இயலையும் மீதியா பற்றிய இயலையும் அவரே எழுதியுள்ளார். மேடையேறுவோர் அதற்குமுன் அவ்விரு இயல்களையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். மன்னர் பெயர்கள் நிறைய உண்டு, ஆண்டுகள் உண்டு, ஊர்கள் உண்டு. தமிழ் வேந்தர் ஒருவரும் அங்கே இல்லை. துருக்கிய வேந்தரும் இல்லை.